இரண்டு விரல் ஆட்டம்

“ஸ்டேரிங் பாக்ஸ் போயிடுச்சு மேஸ்திரி. ஒரு டைட் வச்சுக் குடுத்துடுங்க, சாயங்காலம் லோடு இருக்குது.”

தர்மபுரியில் ஒரு மேஸ்திரியின் பட்டறைக்குள் பிக்கப் வண்டியோடு நுழைகிறவர்களில் பெரும்பாலானோரின் முதல் பேச்சு இதுதான். பாலக்கோட்டிலிருந்து தக்காளி ஏற்றுகிறவரும் இதையே சொல்கிறார், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் மரவள்ளிக் கிழங்கு அடிக்கிறவரும் இதையே சொல்கிறார். வண்டி ரோட்டில் நேராக நிற்கவில்லை, ஸ்டேரிங் கையில் லூஸாக ஆடுகிறது, ஆகவே பாக்ஸ் போய்விட்டது. இதுதான் அவர்கள் கணக்கு.

மேஸ்திரி தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். ஆனால் பாக்ஸ் பக்கம் போகமாட்டார். காற்று அளக்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு முன்சக்கரத்தருகே குந்துவார். “பாக்ஸுக்கு அப்புறம் வரலாம்பா. காத்து எவ்வளவு இருக்குதுன்னு மொதல்ல பாக்கலாம்.”

காற்று பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று அவசரக்கார ஓட்டுநர்கள் முகம் சுளிப்பதுண்டு. இடது சக்கரத்தில் காற்று குறைந்து வலதில் சரியாக இருந்தால் வண்டி இடப்பக்கம் இழுக்கும். அந்த இழுப்பை எதிர்த்து ஓட்டுநர் நாள் முழுக்க ஸ்டேரிங்கை வலப்பக்கம் பிடித்துக்கொண்டே ஓட்டுவார், சாயங்காலம் தோள் வலிக்கும், பாக்ஸ் மேல் பழி விழும். காசில்லாமல் தீரும் கோளாறு இது ஒன்றுதான் என்பதால் அவர் எப்போதும் இங்கிருந்துதான் தொடங்குகிறார்.

அவர் தொழில் கற்றது சங்ககிரியில், லாரிப் பட்டறைகளில். அப்போது பவர் ஸ்டேரிங் அபூர்வம். பெரிய ஸ்டேரிங்கை இரண்டு கையாலும் வளைத்துத் திருப்பிய காலம் அது. டாடா 407 வந்தது 1986-இல். அதற்கு இரண்டு வருடம் கழித்து டாடாமொபைல் என்ற பிக்கப். 2005-இல் டாடா ஏஸ் வந்தபோது தமிழ்நாடே அதைக் குட்டி யானை என்று கூப்பிட ஆரம்பித்தது. 2011-இல் அசோக் லேலண்டின் தோஸ்த். மகிந்திராவின் பொலேரோ பிக்கப் இல்லாத ஊரே இந்த மாவட்டத்தில் இன்று இல்லை. லாரிக்காரர்களை நம்பியிருந்த தொழில் மெல்ல மெல்ல இந்த ஒன்றரை டன், இரண்டு டன் வண்டிகளை நம்பும்படி மாறிவிட்டது. மேஸ்திரியும் சங்ககிரியை விட்டுச் சொந்த மாவட்டத்துக்கே திரும்பி வந்தார்.

வண்டி மாறியதோடு கோளாறு வெளியே தெரியும் விதமும் மாறியது என்பது அவருடைய முக்கியமான கணிப்பு. பவர் இல்லாத ஸ்டேரிங் பள்ளத்தில் இறங்கினால் கையை அடிக்கும், மூட்டு தேய்ந்தால் உடனே உள்ளங்கைக்குச் சொல்லிவிடும். பவர் ஸ்டேரிங்கில் அந்த அடியை எண்ணெய் அழுத்தம் வாங்கிக்கொள்கிறது. ஓட்டுகிறவருக்குச் சுகம், மறுப்பதற்கில்லை. ஆனால் கீழே டை ராடு எண்ட் தேய்ந்து கிடக்கும் சேதி மேலே வந்து சேர நாளாகிறது. அதற்குள் ஓட்டுநரின் கை அந்த ஆட்டத்துக்குப் பழகிவிடுகிறது. வேறொருவர் அந்த வண்டியை எடுத்தால் பத்தடியில் பயந்து இறங்கிவிடுவார். தினமும் ஓட்டுகிறவருக்கோ அது கோளாறாகவே தெரியாது.

அதனால்தான் “எப்போ இருந்து இப்படி இருக்குது?” என்று மேஸ்திரி கேட்டால் பலரிடம் பதில் இருப்பதில்லை.

*

அவர் சோதிக்கும் முறையை ஒருநாள் பக்கத்திலிருந்து பார்த்தால் தொழிலின் பாதி விளங்கிவிடும். வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கமாட்டார். நான்கு சக்கரமும் தரையில் நிற்க வேண்டும், எடை முழுவதும் சக்கரத்தின் மேல் இருக்க வேண்டும். எஞ்சின் ஓடும். உதவிக்கு இருக்கும் பையன் சீட்டில் உட்கார்ந்து ஸ்டேரிங்கை இடமும் வலமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டுவான். முழுக்கத் திருப்பக் கூடாது, சக்கரம் அசையத் தொடங்கும் இடம் வரைதான். மேஸ்திரி சாக்குப்பை விரித்து அடியில் படுத்து, மூட்டு மூட்டாக உள்ளங்கையை வைத்துக்கொண்டே போவார். முதலில் பாக்ஸிலிருந்து இறங்கும் டிராப் ஆர்ம். அடுத்து அதிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க்கின் இரண்டு முனைகள். பிறகு இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் டை ராடின் இரண்டு எண்ட்.

நல்ல மூட்டில் இரண்டு பாகமும் ஒன்றாக நகரும். கெட்ட மூட்டில் ஒன்று முதலில் நகரும், ஒரு கணம் கழித்து மற்றது. அந்தக் கணத்தில் விரலுக்கடியில் ‘டக்’ என்று ஒரு தட்டு. கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரியும். “தம்பி, இன்னொரு வாட்டி... மெதுவா... நிறுத்து.” சாக்பீஸை எடுத்து அந்த மூட்டில் ஒரு கோடு. அவ்வளவுதான். வண்டிக்காரரையும் அடியில் படுக்கச் சொல்லி, அவர் கையையே அந்த மூட்டில் வைத்து, பையனை மறுபடி ஆட்டச் சொல்வார். ‘டக்’ கையில் பட்டபின் பாக்ஸைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அடுத்தது கிங் பின், அதாவது முன்சக்கரம் திரும்புவதற்கு அச்சாக நிற்கும் ஆணி. இதற்கு மட்டும் சக்கரத்தைத் தூக்கியாக வேண்டும். டயரின் உச்சியில் ஒரு கை, அடியில் ஒரு கை வைத்து முன்னும் பின்னும் அசைப்பார். ஆட்டம் இருந்தால் அது கிங் பின்னாகவும் இருக்கலாம், ஹப் பேரிங்காகவும் இருக்கலாம். இரண்டில் எது? பையனைப் பிரேக் மிதிக்கச் சொல்வார். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். பிரேக் பிடித்தும் சக்கரம் ஆடிக்கொண்டே இருந்தால் கிங் பின். பிரேக் ஹப்பையும் ஸ்டப் ஆக்சிலையும் ஒன்றாகக் கவ்விவிடுவதால் இடையிலிருக்கும் பேரிங்கின் ஆட்டம் அடங்கிவிடுகிறது. கருவி எதுவும் தேவைப்படாத இந்தச் சோதனை சங்ககிரியில் அவருடைய ஆசான் காட்டிக்கொடுத்தது.

கிங் பின் தேய்வதற்குக் காரணம் பெரும்பாலும் கிரீஸ் இல்லாமைதான். கல் குவாரிப் பாதையில் ஓடும் வண்டியில் தூசி மாவாகப் படிந்து கிரீஸ் நிப்பிள் வாயை அடைத்துவிடும். சர்வீஸ் என்ற பெயரில் வாட்டர் வாஷ் மட்டும் நடக்கும். அழுத்தமான தண்ணீர் மூட்டிலிருக்கும் மிச்சக் கிரீஸையும் கழுவிக்கொண்டு போய்விடும். கழுவியதும் கிரீஸ் அடிக்க வேண்டும், பழைய கிரீஸ் கறுப்பாகப் பிதுங்கி வெளியே வரும் வரை அடிக்க வேண்டும். மேஸ்திரி கோபப்பட்டுப் பார்ப்பது அரிது, ஆனால் நிப்பிள் இருந்தும் கிரீஸ் காணாத கிங் பின்னைக் கண்டால் அவருக்குக் குரல் உயர்ந்துவிடும்.

*

பாக்ஸை “டைட் வைக்கும்” பழக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல வண்டியைக் கெடுப்பதில் இதற்கு இணை எதுவும் இல்லை. ஸ்டேரிங் பாக்ஸின் மேல் ஒரு ஸ்குரூவும் லாக் நட்டும் உண்டு. உள்ளேயிருக்கும் பற்கள் ஒன்றோடொன்று எவ்வளவு நெருங்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அது. அதைக் கால் சுற்று இறுக்கினால் கையில் இருந்த ஆட்டம் காணாமல் போகும். வண்டிக்காரருக்குச் சந்தோஷம், செலவும் குறைவு.

நேர் நிலையில் ஓடுவதுதான் வண்டிக்கு அதிகம் என்பதால் பாக்ஸில் நடுப் பற்கள்தான் அதிகம் தேய்ந்திருக்கும், ஓரப் பற்கள் புதிது போலவே இருக்கும். தேய்ந்த நடுவுக்காக இறுக்கினால் ஓரத்தில் பிடிக்கும். வளைவில் திருப்பிவிட்டுக் கையை விட்டால் ஸ்டேரிங் தானாகத் திரும்பி வராது. வத்தல்மலை ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் இதன் அர்த்தம் என்ன என்று அந்தப் பாதையில் ஓட்டுபவர்களைக் கேட்டால் தெரியும். இன்னொன்று, உண்மையான ஆட்டம் கீழே டை ராடு எண்டில் இருந்தால் மேலே எவ்வளவு இறுக்கினாலும் அது அங்கேயேதான் இருக்கும். ஓட்டுநரின் கைக்கு அது தெரியாமல் போகிறது, அவ்வளவே.

எண்ணெய் விஷயத்திலும் இதே அவசரம். பவர் ஸ்டேரிங் டப்பாவில் எண்ணெய் குறைந்தால் கையில் கிடைத்ததை ஊற்றுகிறார்கள். பிரேக் ஆயிலை ஊற்றிக்கொண்டு வந்த வண்டிகள் உண்டு. பெட்ரோலிய எண்ணெய்க்காகச் செய்த ரப்பர் சீல்கள் பிரேக் ஆயிலில் ஊறி உப்பிப் பயனற்றுப் போகும். நூறு ரூபாய் மிச்சம் பார்த்ததற்குப் பம்ப், பாக்ஸ் இரண்டின் சீல்களையும் மாற்ற வேண்டியிருக்கும்.

டயர் தின்னுவது வண்டிக்காரரின் பையை நேரடியாகத் தொடுவதால் அதைப் பற்றி மட்டும் அவர்களே விசாரிப்பார்கள். டயரின் மேல் குறுக்காகக் கையைத் தடவினால் ஒரு பக்கம் போகையில் வழுவழுப்பாகவும் திரும்பி வருகையில் கீறுவது போலவும் இருந்தால் டோ அளவு தவறியிருக்கிறது. இரண்டு முன்சக்கரங்களும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லை என்று பொருள். பல வண்டிகளில் முன்பக்க இடைவெளி பின்பக்கத்தைவிட ஓரிரு மில்லிமீட்டர் மட்டுமே குறைவாக இருக்க வேண்டும். அது 10 மில்லி தவறினால், சுமார் 70 சென்டிமீட்டர் உயர டயர் ஒன்று கிலோமீட்டருக்கு 7 மீட்டர் பக்கவாட்டில் இழுபட்டுத் தேய்கிறது. தர்மபுரியிலிருந்து பெங்களூரு சுமார் 130 கிலோமீட்டர். ஒருதடவை போய்ச் சேர்வதற்குள் அந்த டயர் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் குறுக்கே உரசியிருக்கும். இந்தக் கணக்கை மேஸ்திரி பட்டறைச் சுவரில் கரியால் எழுதியே வைத்திருக்கிறார்.

*

மூட்டும் சரி, பாக்ஸும் சரி, காற்றும் சரி. அப்போதும் வண்டி “மிதக்குது” என்று வருகிறவர்கள் உண்டு. அப்போது அவர் வண்டியின் பின்னால் போய் நிற்பார்.

பாடியை நீட்டிக் கட்டுவது இங்கே சாதாரணம். தக்காளி கிரேடு இன்னும் நான்கு அடுக்க இடம் கிடைக்கும், கம்பியும் பைப்பும் ஏற்றுகிறவர்களுக்கு நீளம் வேண்டும். ஆனால் பின் ஆக்சிலுக்கு அப்பால் வைக்கிற எடை முன் ஆக்சிலைத் தூக்குகிறது. இரண்டு ஆக்சிலுக்கும் இடையே 3 மீட்டர் உள்ள வண்டியில், பின் ஆக்சிலுக்கு 1 மீட்டர் பின்னால் 300 கிலோ வைத்தால் முன்சக்கரங்களிலிருந்து 100 கிலோ குறைந்துவிடும். திருப்புகிற சக்கரத்துக்குத் தரையில் பிடிப்பு வேண்டாமா? அதுமட்டுமில்லை, பின்பக்கம் அமுங்கி மூக்கு மேலே தூக்கும்போது முன் ஆக்சிலின் சாய்வுக் கோணமும் மாறிவிடுகிறது. காலி வண்டியில் அலைன்மெண்ட் பார்த்துக் கணினித் தாளில் எல்லாம் பச்சையாக வரும், லோடு ஏற்றியதும் ஸ்டேரிங் நடுங்கும்.

பென்னாகரம் பக்கத்து வண்டி ஒன்று இடப்பக்கம் இழுப்பதாக வந்தது. வேறு இடத்தில் அலைன்மெண்ட் இரண்டு முறை பார்த்து, டை ராடு எண்டும் மாற்றியிருந்தார்கள். மேஸ்திரி டேப்பை எடுத்து முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடு வரை வலப்பக்கம் அளந்தார், பிறகு இடப்பக்கம். இடப்பக்கம் ஒரு விரல் அகலத்துக்குக் குறைந்தது. ஸ்பிரிங் பட்டைகளை அச்சோடு சேர்த்துப் பிடிக்கும் யு போல்ட் தளர்ந்து, உள்ளேயிருக்கும் சென்டர் போல்ட் உடைந்து, இடப்பக்க முன் ஆக்சில் பின்னால் நகர்ந்துபோயிருந்தது. கோளாறு ஸ்டேரிங்கிலேயே இல்லை. பட்டையைக் கழற்றிப் புதுச் சென்டர் போல்ட் போட்டு, யு போல்ட் நான்கையும் புதிதாக மாட்டினார். “லோடு ஏத்தி ஒரு நடை ஓட்டிட்டு வாங்கண்ணா, மறுபடி டைட் பாக்கணும்” என்று சொல்லி அனுப்பினார். அந்த இரண்டாவது இறுக்கலுக்கு வராதவர்கள்தான் அதிகம். புது யு போல்ட் முதல் லோடில் கொஞ்சம் இணங்கிக்கொடுக்கும், பிறகு இறுக்கினால்தான் நிற்கும்.

*

தர்மபுரியில் வண்டியைப் பற்றிப் பேசினால் தொப்பூர்க் கணவாயைத் தவிர்க்க முடியாது. தேசிய நெடுஞ்சாலை 44-இல் பெங்களூருவிலிருந்து சேலம் நோக்கி வருகிறவர்களுக்குக் கட்டமேடு தாண்டியதும் இறக்கம் தொடங்குகிறது. 2020 டிசம்பர் 12 அன்று சிமெண்ட் ஏற்றிய லாரி ஒன்று கட்டுப்பாடு இழந்து முன்னால் நின்ற வாகனங்கள் மேல் மோதியதில் 4 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 24 அன்று இரட்டைப் பாலத்தில் நடந்த தொடர் மோதலிலும் 4 உயிர்கள் போயின. ஸ்டேரிங் கோளாறுதான் காரணம் என்று இவற்றைச் சொல்ல முடியாது, மேஸ்திரியும் சொல்வதில்லை. அவர் பேசுவது அந்த இறக்கத்தில் ஓட்டுநர்கள் செய்யும் ஒரு காரியத்தைப் பற்றி.

டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்குவது பழைய வழக்கம். சிலர் எஞ்சினையே அணைத்துவிடுகிறார்கள். நியூட்ரலில் விட்டால் எஞ்சினின் பிடிப்பு போய் முழு எடையும் பிரேக்கின் தலையில் விழுகிறது. எஞ்சினை அணைத்தாலோ ஸ்டேரிங் பம்பைச் சுற்றும் பெல்ட்டும் நின்றுவிடுகிறது. ஒரு விரலால் திரும்பிய ஸ்டேரிங் திடீரென்று இரண்டு கைக்கும் அடங்காமல் கனக்கும். அதுவும் எப்போது? எதிரில் திருப்பம் வரும்போது. பிரேக்குக்கு உதவும் வேக்கமும் இரண்டு மூன்று மிதிக்கு மேல் தாங்காது. பதற்றத்தில் சாவியை உருவினால் ஸ்டேரிங் லாக்கே விழுந்துவிடும். “இறக்கத்துல ஸ்டேரிங் ஜாம் ஆயிடுச்சு” என்று வரும் வண்டிகளில் பாக்ஸும் பம்பும் பழுதின்றி இருப்பதை அவர் பலமுறை பார்த்திருக்கிறார். அந்த மாதிரி நேரத்தில் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, வண்டிக்காரரை உட்காரவைத்துப் பேசுவார்.

*

இது ஏதோ நம்மூர் ரோட்டுக்கும் நம்மூர் ஓவர்லோடுக்கும் மட்டும் உரிய சங்கதி என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் பெரிய பிக்கப் ஓட்டுகிறவர்கள் ‘டெத் வாபிள்’ என்று ஒரு ஆட்டத்தைச் சொல்கிறார்கள். நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு மேடோ பள்ளமோ தட்டினால் முன்சக்கரங்கள் இரண்டும் படபடவென்று அடிக்கத் தொடங்கி, வேகத்தைக் குறைக்கும் வரை நிற்காது. ஃபோர்டு எஃப்-250, எஃப்-350 வண்டிகளில் இந்த ஆட்டம் இருப்பதாக 2019-இல் கலிபோர்னியாவில் உரிமையாளர்கள் கூட்டாக வழக்குத் தொடுத்தார்கள். நம் 407 போல முன்னால் ஒரே அச்சாக ஆக்சில் உள்ள வண்டிகள் அவை. ஒரு சக்கரத்தின் அதிர்வு அப்படியே அடுத்த சக்கரத்துக்குப் போய்ச்சேரும் அமைப்பு. அந்த அதிர்வை அடக்கும் டேம்பரை மட்டும் மாற்றினால் ஆட்டம் கொஞ்ச நாள் மறையும், தேய்ந்த மூட்டு தேய்ந்தபடியே இருக்கும். மேலே பாக்ஸை இறுக்கிக் கீழே மூட்டை விட்டுவிடும் நம்மூர் வேலைக்கு அது உறவுதான்.

அதே 2019-இல் ராம் நிறுவனம் 2013 முதல் 2017 வரையிலான கனரகப் பிக்கப்களை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் திரும்ப அழைத்தது. காரணம், ஸ்டேரிங் இணைப்பில் ஒரு நட்டு தளரக்கூடும் என்பது. அது கழன்றால் ஸ்டேரிங்குக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடும். அத்தனை லட்சம் வண்டிகளும் ஒரு நட்டுக்காக.

நம் நாட்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 98-ஆம் விதி இதைத்தான் சொல்கிறது. ஸ்டேரிங் இணைப்பின் பால் ஜாயிண்ட்கள் ரப்பர் மூடியால் பாதுகாக்கப்பட வேண்டும், போல்ட்டும் பின்னும் கழலாதபடி பூட்டப்பட வேண்டும், ஸ்டேரிங்கில் ஆட்டம் 30 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது. மேஸ்திரியிடம் இந்த விதியின் தமிழ்ச் சுருக்கம் மனப்பாடம். முதல் இரண்டும் அவருக்குப் பிடித்தவை. கிழிந்த ரப்பர் பூட்டை மாற்றாமல் விட்டால் உள்ளே மண் புகுந்து சில மாதங்களில் மூட்டே போய்விடும் என்பதும், ஸ்பிளிட் பின்னுக்குப் பதிலாக ஆணியை வளைத்துச் செருகிய வண்டி எந்த வளைவிலும் சக்கரத்தைக் கைவிடலாம் என்பதும் அவர் தினமும் காண்பது.

மூன்றாவதில்தான் அவருக்கு உடன்பாடில்லை. 30 டிகிரி என்பது கடிகாரத்தின் சின்ன முள் ஒரு மணி நேரத்தில் நகரும் அளவு. 40 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஸ்டேரிங்கின் விளிம்பில் அளந்தால் 10 சென்டிமீட்டருக்கும் மேல். அமெரிக்க வணிக வாகன விதி 16 அங்குல ஸ்டேரிங்குக்குப் பவர் இருந்தால் நாலேகால் அங்குலம், பவர் இல்லாவிட்டால் 2 அங்குலம் என்று பிரித்து வைத்திருக்கிறது. நம் விதியில் அந்தப் பிரிவினை இல்லை. மேஸ்திரியின் பட்டறை அளவு இரண்டு விரல் அகலம். அதற்கு மேல் ஆடினால் சட்டம் அனுமதித்தாலும் அவர் மூட்டுகளைத் தேடத் தொடங்கிவிடுவார். சட்டத்தின் எல்லை வண்டியை ரோட்டிலிருந்து இறக்குவதற்கு, பட்டறையின் எல்லை அதற்கு வெகு முன்னால் இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது.

புது வண்டியில் முதல் 8 வருடத்துக்கு எஃப்.சி. என்ற தகுதிச் சான்று இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. அதன்பின் வருடாவருடம். எஃப்.சி.க்கு முந்தைய வாரம் பெயிண்டும் ஸ்டிக்கரும் ஜோராக நடக்கும், கூடவே பாக்ஸுக்கு ஒரு டைட். இரண்டு வருடம் என்பது தினமும் சந்தைக்கு ஓடும் வண்டிக்கு மிக நீண்ட காலம். சில நூறு ரூபாய் டை ராடு எண்ட் ஒன்று அதற்குள் தேய்ந்து தீரும்.

தக்காளி வரத்து கூடும் மாதங்களில் மேஸ்திரி பையனையும் சாக்குப்பையையும் எடுத்துக்கொண்டு பாலக்கோடு பக்கம் போய்விடுவார். லோடுக்காக வரிசையில் நிற்கும் வண்டிகளில் கேட்கிறவர்களுக்கு அங்கேயே அடியில் படுத்து மூட்டு பார்ப்பார். பத்து நிமிட வேலை, காசு வாங்குவதில்லை. ஆட்டம் இருந்தால் எந்த மூட்டு என்று சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, “என்கிட்டதான் வரணும்னு இல்லண்ணா. எந்தப் பட்டறையில வேணும்னாலும் மாத்துங்க. தொப்பூர் இறங்கறதுக்குள்ள மாத்திடுங்க” என்று சொல்லி அடுத்த வண்டிக்குப் போகிறார்.